பிடியும் தேய்வும்

ஸ்னூக்கர் கோலின் நுனித்தோல் ஒருபக்கமாய்த் தேய்ந்தால் பழி மார்க்கர்மேல்: 'சரியா ஒட்டலே.' ஆட்டக்காரரின் கை விசாரணைக்கு வருவதேயில்லை. தோல் பந்தைத் தொடுவது நொடியில் ஆயிரத்தில் ஓரிரு பங்கு. அதற்குள் பிடியால் எதுவும் ஆகாது. அதற்கு முன்பே அது தன் வேலையை முடித்துவிடுகிறது. இறுக்கினால் மணிக்கட்டு திருகும், கோல் கோடு தவறும், பந்தின் ஓரத்தில் படும். தோலின் ஓரமும்தான் அடிவாங்கும். கோலின் அடிப்புறம் ஒரு பக்கம் தட்டையாய்ச் செதுக்கியிருக்கும். அதைப் பார்த்து எப்போதும் ஒரே வாகில் பிடிப்பதால் அடியும் அதே ஓரத்துக்கே. வழுக்குதேன்னு சாக்கை அப்புவார்கள், அரத்தால் ராவுவார்கள் (இதுவும் தேய்மானம்தானே!). தளர்பிடி என்பது நழுவவிடுவதல்ல, கோலை அதன் எடையில் போகவிடுவது. புதுத்தோல் ஒட்டுமுன் பழையதில் எந்த ஓரம் போயிருக்குன்னு பாருங்கள். மார்க்கரை அப்புறம் திட்டலாம்.