பட்டமும் கல்லூரிப் பெயரும்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வின் முடிவு வெளிவந்ததும் நம் வீடுகளில் ஒரு கேள்வி எழுகின்றது. எந்தப் பாடம் என்பதைக் காட்டிலும் எந்தக் கல்லூரி என்பதே பெரிய கேள்வியாகிவிடுகின்றது. "பெயர் பெற்ற கல்லூரியில் இடம் கிடைத்தால் போதும், வேலை தானே வரும்" என்பர் பெரியோர். அக்கூற்றில் எவ்வளவு உண்மை உண்டு?

முதலில் வேலை கொடுப்பவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். அவர்முன் ஆயிரம் விண்ணப்பங்கள் குவிந்துள்ளன. திறமையோ கண்ணுக்குப் புலப்படுவதன்று. மூட்டையைப் பிரித்துப் பாராமல், விளைந்த ஊரின் பெயரைக் கேட்டே மிளகாய் வாங்கும் வியாபாரியைப் போல, அவரும் கல்லூரியின் பெயரைப் பார்க்கின்றார். பட்டம் என்பது திறமையை உணர்த்தும் ஓர் அடையாளம் என்று 1973-ஆம் ஆண்டில் விளக்கினார் மைக்கேல் ஸ்பென்ஸ் என்னும் பொருளியல் அறிஞர். 2001-இல் நோபெல் பரிசும் பெற்றார். கல்லூரிப் பெயருக்கும் இது பொருந்தும். 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டிப் பொறியியற் கல்லூரியின் பட்டத்தை ஒருவர் மதிக்கிறார் என்றால், அங்கே கற்பித்ததை மட்டுமன்று, அங்கே நுழைவதற்குக் கடக்க வேண்டிய போட்டியையும் சேர்த்தே மதிக்கிறார்.

அப்படியானால் உயர்வு கல்லூரியினுடையதா, மாணவனுடையதா?

அமெரிக்காவில் ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் என்னும் இருவர் இதனை ஆராய்ந்து 2002-இல் வெளியிட்டனர். 1976-இல் கல்லூரி புகுந்த மாணவர்களுள், ஒத்த தரமுடைய கல்லூரிகளில் இடம் கிடைத்தவர்களை ஒப்பிட்டனர். போட்டி மிகுந்த கல்லூரியிற் சேர்ந்தவரும், இடம் கிடைத்தும் வேறு கல்லூரிக்குச் சென்றவரும் பிற்காலத்தில் ஏறத்தாழ ஒரே அளவு ஊதியமே பெற்றனர். ஆனால் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் கல்லூரி வேறுபாடு ஊதியத்திலும் தெரிந்தது! (மிக உச்சமான வருவாயை எட்டும் வாய்ப்பு, புகழ்பெற்ற சில கல்லூரிகளால் கூடுகின்றது என்று 2023-இல் வந்த மற்றோர் ஆய்வு கூறும்.)

அயல்நாட்டுக் கணக்கை நாம் அப்படியே ஏற்க வேண்டுவதில்லை. எனினும் காரணத்தை உணர்வது எளிது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு வேலை இருக்கும் இடத்தைச் சொல்ல மாமன் இருக்கின்றார். தந்தையின் நண்பர் இருக்கின்றார். குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெறுபவனுக்கு அத்தகைய துணையெல்லாம் கல்லூரியே. நிறுவனங்கள் ஆள் தேடி வரும் கல்லூரியில் அவன் படித்தால், படித்த அறைக்குப் பக்கத்திலேயே நேர்முகத் தேர்வு நடக்கும். யாரும் வாராத கல்லூரியில் படித்தாலோ, சென்னையில் அறை வாடகை கொடுத்துக்கொண்டு வாயில்தோறும் அலைய வேண்டும். தமிழக அரசு 2021-இல் பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கியதன் அருமை இவ்விடத்தில்தான் விளங்கும்.

அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் எழுத்துத் தேர்விலோ கல்லூரிப் பெயருக்கு மதிப்பெண் இல்லை.

இடம் தேடும் பெற்றோர், கல்லூரி விளம்பரத்தில் உள்ள வேலைக் கணக்கைச் சற்று ஊன்றிப் படித்தல் நன்று. ஒரு மாணவர் இரண்டு நிறுவனங்களில் தேர்வு பெற்றால் இரண்டு வேலை என்று எழுதிவிட இயலும். ஆகவே, எத்தனை வேலை வந்தது என்பதை விட்டு, இறுதியாண்டில் பயின்றவர் எத்தனை பேர், அவருள் வேலை பெற்றவர் எத்தனை பேர் என்று நேரிற் சென்று கேளுங்கள்.