வீட்டு வெல்டிங்குக்கு எந்த கிரைண்டர்?

ஆங்கிள் கிரைண்டர் என்பது மோட்டாரின் சுழற்சியைப் பல்சக்கரங்களால் செங்குத்தாகத் திருப்பி, ஒரு வீலை மிக வேகமாகச் சுழற்றும் கைக்கருவி. இன்று ஃப்ளெக்ஸ் என்று அறியப்படும் ஜெர்மன் நிறுவனம் 1954-இல் இதை உருவாக்கியது. வெல்டிங் வேலையில் வெல்டிங் மெஷினைவிட அதிக நேரம் ஓடுவது பெரும்பாலும் கிரைண்டர்தான். ஆங்கிளையும் சதுரக் குழாயையும் அளவுக்கு வெட்டுவது, துருவும் பெயின்ட்டும் போகச் சுரண்டுவது, தடித்த பட்டையின் ஓரத்தைச் சரிவாக்குவது, கசடு தட்டியபின் வெல்டு மேட்டைச் சமன்செய்வது எல்லாம் இதன் வேலை.

கடையில் எல்லோரும் முதலில் கேட்பது வாட்ஸ். ஆனால் முதலில் முடிவாக வேண்டியது வீலின் அளவு. பட்டறைகளில் ஏஜி-4, ஏஜி-5, ஏஜி-7 என்று சொல்லப்படுபவை முறையே 4, 5, 7 அங்குல வீல் போடும் மெஷின்கள்; 9 அங்குலமும் உண்டு. 7, 9 அங்குல மெஷின்கள் வீட்டுக்கு வேண்டாம். அவை கனமானவை, அவற்றில் பல 2,000 வாட்ஸ், அதற்கு மேலும் இழுக்கும், வீல் சிக்கி உதறினால் பழகாத கையால் அடக்க முடியாது. ஆக, தேர்வு 4 அங்குலத்துக்கும் 5 அங்குலத்துக்கும் இடையில்தான்.

வீலின் ஆரம் முழுவதும் வெட்டுக்குக் கிடைப்பதில்லை. நடுவிலுள்ள பிளேஞ்சும் மெஷினின் தலைப்பகுதியும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். 4 அங்குல வீல் ஏறக்குறைய ஓர் அங்குல ஆழமே இறங்கும். 5 அங்குல வீல் அதற்கு மேல் சுமார் அரை அங்குலம் இறங்கும். ஜன்னல் கிரில், அலமாரிச் சட்டம், கேட் பழுது ஆகியவற்றில் வரும் சதுரக் குழாயின் தகடு பெரும்பாலும் 2 மி.மீ. அளவுதான் இருக்கும். நான்கு பக்கமும் கோடு போட்டுத் திருப்பித் திருப்பி வெட்டினால் 4 அங்குலமே போதும். தமிழ்நாட்டில் சிற்றூர் ஹார்டுவேர் கடையிலும் தவறாமல் கிடைப்பது 4 அங்குல வீல் என்பதும் கணக்கில் சேர வேண்டும். தடித்த பிளேட், நீளமான வெல்டு மேடு என்று வேலை பெரிதாக இருப்பவர்களுக்கு 5 அங்குலம் ஏற்றது. இரண்டின் வீல்களும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. 4 அங்குல வீலின் நடுத்துளை 16 மி.மீ.; 5 அங்குலத்துக்கு ஏறக்குறைய 22 மி.மீ.

பொருந்தாத வீலை மாட்டுவதில்தான் பெரிய ஆபத்து தொடங்குகிறது. கட்டிங் வீல்களில் பெரும்பாலானவை விளிம்பில் விநாடிக்கு 80 மீட்டர் வேகம் தாங்கும்படி செய்யப்படுபவை. மணிக்கு 288 கிலோமீட்டர் என்று சொன்னால் அந்த வேகம் புரியும். அதனால் வீல் பெரிதாகப் பெரிதாக அனுமதிக்கப்பட்ட சுற்று குறையும்: 4 அங்குல வீலில் நிமிடத்துக்குச் சுமார் 15,000, 5 அங்குலத்தில் சுமார் 12,200, 7 அங்குலத்தில் சுமார் 8,500. சிறிய மெஷின்கள் சுமை இல்லாதபோது 11,000 சுற்று அளவில் ஓடுகின்றன. வீலை மூடும் கார்டைக் கழற்றிவிட்டு, வாஷர் வைத்து 7 அங்குல வீலை அவற்றில் மாட்டினால் விளிம்பு வேகம் விநாடிக்கு 100 மீட்டரைத் தாண்டும். வீலைப் பிய்க்கும் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், தாங்கும் அளவைவிட ஒன்றரை மடங்குக்கும் அதிகமான விசையில் அது சுழலும். அப்படி உடையும் துண்டு முகத்துக்கு நேராக வரலாம். மரம் அறுக்கும் பல் பிளேடை கிரைண்டரில் மாட்டும் வழக்கமும் இதே அளவுக்குக் கொடியது.

அடுத்தது வாட்ஸ். 4 அங்குல மெஷின்கள் 600 முதல் 1,000 வாட்ஸ் வரை வருகின்றன. வெட்டுவதற்கு மட்டும் என்றால் 650 போதும். வெல்டு மேட்டின் மேல் அழுத்தித் தேய்க்கும்போது அது திணறிச் சூடாகும். 800, 850 வாட்ஸ் மெஷின் நின்று உழைக்கும். மெஷின் மேல் அச்சிடப்படுவது பொதுவாக அது இழுக்கும் மின்சாரத்தின் அளவு. வீலுக்கு வந்து சேரும் திறன் அதைவிடக் குறைவு. 850 வாட்ஸ் மெஷின் சுமார் 4 ஆம்பியர் எடுக்கும். மெல்லிய, நீளமான எக்ஸ்டென்ஷன் ஒயரில் ஓட்டினால் மின்னழுத்தம் குறைந்து மோட்டார் சூடாகும். வெல்டிங் மெஷினும் கிரைண்டரும் ஒரே எக்ஸ்டென்ஷனில் ஓடக் கூடாது.

வாங்குபவர்கள் கவனிக்காமல் விடுவது சுவிட்ச். முன்னே தள்ளினால் பூட்டிக்கொள்ளும் சுவிட்சே விலை குறைந்த மெஷின்களில் அதிகம். ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய், மெஷினை அப்படியே கீழே வைத்துவிட்டால், கரண்ட் திரும்பியதும் அது தானாகச் சுழன்று தரையில் ஓடும். பிடி விட்டால் நின்றுவிடும் பேடில் சுவிட்சோ, மின்சாரம் வந்தாலும் தானாகத் தொடங்காத ரீஸ்டார்ட் பாதுகாப்போ உள்ள மெஷினுக்குக் கூடுதல் விலை கொடுப்பது வீண் செலவு அல்ல.

கிரைண்டரில் வழக்கமாகத் தேய்வது, மோட்டாரின் சுழலும் பகுதியான ஆர்மெச்சருக்கு மின்சாரம் கடத்தும் கார்பன். காற்றுத் துளை வழியே உள்ளே பெரிய பொறி வளையமாகத் தெரிந்தாலோ, மெஷின் விட்டு விட்டு ஓடினாலோ கார்பனைப் பார்க்க வேண்டும். வெளியிலிருந்தே மூடியைத் திருகி மாற்றும் அமைப்பு இருந்தால் வீட்டிலேயே மாற்றிவிடலாம். அந்த மாடலுக்குக் கார்பனும் ஆர்மெச்சரும் உள்ளூரில் கிடைக்குமா என்று வாங்கும் முன்பே கேட்பது நல்லது. பெயர் தெரியாத மலிவு மெஷின் ஆர்மெச்சர் எரிந்தால் பழைய இரும்புக்குத்தான் போகும்.

மெஷின் எதுவானாலும் வேலையின் தரம் வீலில் இருக்கிறது. வெட்ட 1 அல்லது 1.2 மி.மீ. கட்டிங் வீல், மேட்டைத் தேய்க்க 6 மி.மீ. கிரைண்டிங் வீல், மெருகுக்கு 60 அல்லது 80 கிரிட் ஃப்ளாப் வீல், துருவுக்குக் கம்பி பிரஷ். கட்டிங் வீலின் பக்கவாட்டில் தேய்க்கவே கூடாது. ஒரு மி.மீ. வீல் அந்தப் பக்க அழுத்தத்தில் சட்டென்று உடையும். எவர்சில்வருக்குத் தனி வீல் வேண்டும். சாதா இரும்பைத் தேய்த்த வீலின் துகள் ஒட்டிக்கொண்டால் அங்கே துரு பூக்கும். ஜி.ஐ. குழாயில் வெல்டு வைக்கும் இடத்தில் துத்தநாகப் பூச்சைத் தேய்த்து எடுத்தால் நச்சுப் புகை குறையும். தேய்க்கும் தூசி மூக்கில் ஏறாமல் மாஸ்க் அவசியம். நல்ல வீலின் நடுத்துளையைச் சுற்றியுள்ள உலோக வளையத்தில் மாதமும் ஆண்டும் அச்சிட்டிருக்கும். அது காலாவதித் தேதி. ஈரத்தில் கிடந்த வீலின் பிசின் வலுவிழந்திருக்கும், தேதி இருந்தாலும் எறிந்துவிட வேண்டும்.

பட்ஜெட் இடம் கொடுத்தால், பெரிய மெஷின் ஒன்றைவிட 4 அங்குல மெஷின் இரண்டு வாங்குவதே நல்லது. வெட்டும்போது வீலின் இரு பக்கத்தையும் மூடும் கார்டு தேவை. தேய்க்கும்போது ஒரு பக்கம் திறந்தது போதும். ஒன்றில் கட்டிங் வீலும் மற்றதில் கிரைண்டிங் வீலும் நிரந்தரமாக இருந்தால், அவசரத்தில் கட்டிங் வீலால் தேய்க்கும் பழக்கம் வராது, கார்டைக் கழற்றும் தேவையும் இருக்காது.