‘ஹாய் கைஸ்’: வெடிமருந்துப் பீப்பாய்களிலிருந்து வந்த சொல்

தமிழ் யூடியூபர்கள் பலர் ‘ஹாய் கைஸ்’ என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். ‘கங்கை’யின் கடைசி எழுத்தைப் போல ஒலிக்க வேண்டிய இந்தக் ‘கை’ ஆங்கிலத்தில் ஆள், பையன் என்றெல்லாம் பொருள் தரும் சாதாரணச் சொல். நானூறு ஆண்டுகளுக்கு முன் அது மனிதர்களுக்கு இடும் பெயராக மட்டுமே இருந்தது.

பெயரின் வேர் பழைய ஜெர்மானிய மொழியில் உள்ளது. அங்கே அது ‘வீடோ’. ‘காடு’ என்ற பொருளுடைய வேரிலிருந்து வந்தது என்பது ஒரு கருத்து. ‘அகன்ற’ என்ற பொருளுடையதிலிருந்து வந்தது என்பது இன்னொன்று. ஜெர்மானியச் சொற்களின் முதலில் வரும் வகர ஒலி பிரெஞ்சுக்குப் போனபோது ககரமாக மாறியது. இங்கிலாந்தில் வில்லியம் என வழங்கும் பெயர் பிரான்சில் கியோம் ஆனது இப்படித்தான். விடுதிக்கு வார்டன், பிள்ளைக்குக் கார்டியன் என்கிறோமே, அவை இரண்டும் ஒரே வேரிலிருந்து இருவேறு வழிகளில் ஆங்கிலத்துக்கு வந்தவை. அதே முறையில் வீடோ இத்தாலியில் குய்தோ ஆயிற்று, பிரான்சில் கீ ஆயிற்று. 1066இல் இங்கிலாந்தைப் பிடித்த நார்மானியர்கள் அந்தப் பெயரையும் உடன் கொண்டுவந்தார்கள்.

ஆங்கிலத்தில் ‘கை’ ஆன அந்தப் பெயரை ஊரறியச் செய்தவர் கை ஃபாக்ஸ். 1570இல் யார்க் நகரில் பிறந்த இவர் கத்தோலிக்கராக மாறி, ஸ்பெயின் படையில் சேர்ந்து, இன்றைய பெல்ஜியமும் நெதர்லாந்தும் இருக்கும் பகுதிகளில் போரிட்டார். அங்கே தன் பெயரை ‘குய்தோ’ என்று மாற்றிக்கொண்டார். அப்போது இங்கிலாந்தில் கத்தோலிக்கர்கள் ஒடுக்கப்பட்டு வந்தார்கள். மன்னர் முதலாம் ஜேம்ஸ் நாடாளுமன்றத்தைத் திறந்து வைக்கும் நாளில் கட்டடத்தோடு அவரையும் தகர்த்துவிடுவது என ராபர்ட் கேட்ஸ்பி என்பவரின் தலைமையில் ஒரு குழு திட்டமிட்டது. ஃபாக்ஸ் இந்தச் சதியின் தலைவர் அல்லர். வெடிமருந்தைக் கையாளத் தெரிந்த போர்வீரர் என்பதால் சேர்த்துக்கொள்ளப்பட்டவர். பிரபுக்கள் அவைக்குக் கீழே வாடகைக்கு எடுத்த நிலவறையில் 36 பீப்பாய் வெடிமருந்து அடுக்கப்பட்டது.

அவைக்குப் போகாதீர்கள் என்று மாண்டீகிள் பிரபுவுக்கு வந்த ஒரு மொட்டைக் கடிதம் காரியத்தைக் கெடுத்தது. 1605 நவம்பர் 4 நள்ளிரவையொட்டி நடந்த சோதனையில் ஃபாக்ஸ் பிடிபட்டார். பெயர் கேட்டதற்கு ‘ஜான் ஜான்சன்’ என்றார். சித்திரவதைக்குப் பிறகுதான் உண்மை வெளிவந்தது. 1606 ஜனவரி 31 அன்று அவர் தூக்குமேடையில் உயிரிழந்தார்.

மன்னர் தப்பியதைக் கொண்டாட நவம்பர் 5ஐ நன்றி செலுத்தும் நாளாக நாடாளுமன்றம் சட்டமாக்கியது. 1859 வரை அந்தச் சட்டம் இருந்தது. ஆண்டுதோறும் அன்றிரவு சொக்கப்பனை போல நெருப்பு மூட்டுவார்கள். முதலில் பெரும்பாலும் போப்பாண்டவரின் உருவத்தை எரித்தவர்கள், பிறகு ஃபாக்ஸின் உருவத்துக்கு மாறினார்கள். கந்தல் துணியில் வைக்கோலைத் திணித்துச் செய்த அந்தப் பொம்மைக்குப் பெயர் ‘கை’. அதைச் சிறுவர்கள் தெருத்தெருவாகத் தள்ளிச் சென்று, ‘கைக்கு ஒரு பென்னி’ என்று காசு கேட்டார்கள். ஃபாக்ஸ் படித்த யார்க் புனித பீட்டர் பள்ளி மட்டும், பழைய மாணவர் என்ற மரியாதையில், அந்தப் பொம்மையை எரிப்பதில்லை.

பொம்மையிலிருந்து சொல் மனிதருக்குத் தாவியது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அலங்கோலமாக உடுத்திய ஆளைக் ‘கை’ என்று கேலி செய்தார்கள். அமெரிக்காவுக்குப் போனதும் கேலி உதிர்ந்து, அந்த நூற்றாண்டின் நடுவிலேயே ‘ஆள்’ என்ற பொருள் மட்டும் நின்றது. 20ஆம் நூற்றாண்டில் பன்மை வடிவம் பெண்களையும் சேர்த்துக்கொண்டது. அதற்கு ஒரு தேவையும் இருந்தது. ஆங்கிலத்தின் ‘யூ’ ஒருவருக்கும் பலருக்கும் பொது. தமிழிலும் ‘நீங்கள்’ மரியாதைக்காக ஒருவரையும் குறிக்கத் தொடங்கிய பிறகு, பலர் என்பதைத் தெளிவாக்க ‘நீங்க எல்லாரும்’ என்கிறோம். அந்த வேலையை அமெரிக்கர்களுக்கு ‘யூ கைஸ்’ செய்கிறது.

பெயர் பொதுச்சொல்லாவது ஆங்கிலத்தில் வேறு இடங்களிலும் நடந்ததுதான். தமிழ் விவிலியத்தில் யோவான் என வரும் எபிரேயப் பெயருக்கு ‘யாவே அருள் புரிந்தார்’ என்று பொருள். அது ஆங்கிலத்தில் ஜான் ஆனது. ஜானின் செல்லப்பெயர் ஜாக். எங்கு பார்த்தாலும் ஜாக்குகள் இருந்ததால் வேலையாள் யாரையும் அப்படி அழைத்தார்கள். பிறகு ஆள் செய்யும் வேலையைச் செய்த கருவிகளும் ஜாக் ஆயின. காரைத் தூக்கும் கருவியை நம் மெக்கானிக்குகள் ஜாக்கி என்பது அந்த வழியில் வந்தது. ஜாக்கின் ஸ்காட்லாந்து வடிவத்திலிருந்து பிறந்ததே குதிரைப் பந்தய ஜாக்கி.

பன்மையில் இருபாலரையும் சேர்த்துக்கொண்டாலும், ஒருமையில் ‘கை’ இன்றும் ஆணையே குறிக்கிறது. ‘யூ கைஸ்’ என்று பெண்களையும் சேர்த்து அழைப்பதை விரும்பாதவர்களும் இருக்கிறார்கள். நண்பர்களிடமும் காணொளியிலும் தாராளமாகச் சொல்லலாம். அலுவலகக் கடிதத்தில் அதைத் தவிர்ப்பதே நல்லது.