பாதி நிறைவேறிய உத்தரவு

டில்லி நகரில் ஓடும் பஸ்கள் யாவும் டீஸல் எண்ணெயை விட்டு இயற்கை வாயுவுக்கு மாறவேண்டுமென்று ஸுப்ரீம் கோர்ட்டார் 1998-ம் வருஷம் ஜூலை மாதம் 28-ந் தேதி உத்தரவிட்டார்கள். 2002 டிசம்பரில் நகர பஸ்களில் கடைசி டீஸல் வண்டியும் வீதியை விட்டு நீங்கியது. இதை மகத்தான வெற்றியென்று இன்றும் பேசுகிறார்கள். பேசத் தக்கதே. ஆயினும் அந்த உத்தரவை முழுவதும் படித்தவர் மிகச் சிலரே என்று நாம் அஞ்சுகிறோம். அதன் முதல் ஷரத்து வாயுவைப் பற்றியதன்று. தலைநகரின் பஸ்களை 2001 ஏப்ரல் 1-ந் தேதிக்குள் 10,000 ஆகப் பெருக்கவேண்டுமென்பதே முதல் ஷரத்து. வாயு வந்தது, பஸ் வரவில்லை. இதைப் பற்றியே நாம் இன்று எழுத விரும்புகிறோம்.

வழக்கின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லுவோம். எம். ஸி. மேத்தா என்னும் வழக்கறிஞர் 1985-ல் டில்லியின் நச்சுக்காற்றைக் குறித்து மனுச் செய்தார். பத்து வருஷத்துக்கு மேல் அவ்வழக்கு நடந்தது. 1996-ல் அனில் அகர்வால் தலைமையிலிருந்த விஞ்ஞான சுற்றுச்சூழல் கேந்திரம், நகர மாந்தரை வண்டிப்புகை மெல்லக் கொல்லுகிறதென்று ஒரு நூலால் தேசத்துக்கு எடுத்துக் காட்டிற்று. 1998 ஜனவரியில் பூரே லால் என்பவரைத் தலைவராகக் கொண்டு ஒரு கமிட்டி ஏற்பட்டது. அக்கமிட்டி வகுத்த திட்டத்தையே கோர்ட்டார் உத்தரவாக்கினார்கள்.

பஸ்ஸை ஏன் முதலில் பிடித்தார்கள் என்று சிலர் கேட்கலாம். டீஸல் இயந்திரத்தில் தீப்பொறி கிடையாது; காற்றை நெருக்கிப் பிறக்கும் உஷ்ணத்திலேயே எண்ணெய் பற்றி எரிகிறது. எரியாது எஞ்சியது கரித்தூளாய் வெளியேறுகிறது. அத்தூளில் மிக நுண்ணியவை நுரையீரலின் அடி வரையில் சென்று தங்குகின்றன. டீஸல் புகை புற்றுநோய்க்குக் காரணமென்று உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த ஆராய்ச்சி சபை 2012-ல் ஐயமற உரைத்தது. இயற்கை வாயுவோ பெரும்பாலும் மீத்தேன். வளிமண்டலத்தைப் போல் ஏறக்குறைய 200 மடங்கு அழுத்தத்தில் உருளைகளில் அடைத்து, தீப்பொறியால் எரிக்கிறார்கள். கரி மிகச் சொற்பம். கந்தகம் இல்லையென்றே சொல்லலாம். மண்ணெண்ணெயை டீஸலோடு கலந்து விற்பது போல் இதில் கலப்படம் செய்யவும் வழியில்லை. ஆனால் இதற்கு வேறு இயந்திரம் வேண்டும். வேறு நிலையங்கள் வேண்டும். இவற்றை முன்கூட்டியே ஆயத்தம் செய்திருக்கவேண்டும்.

செய்தார்களா? வாயு நிலையங்களை 9-லிருந்து 80 ஆக்குவதற்கு 2000 மார்ச் 31 வரையிலும், எல்லாப் பஸ்களையும் மாற்றுவதற்கு 2001 மார்ச் 31 வரையிலும் உத்தரவிலேயே தவணை குறிக்கப்பட்டிருந்தது. இரண்டே முக்கால் வருஷ காலத்தைச் சர்க்கார் அதிகாரிகளும் பஸ் சொந்தக்காரர்களும் பெரும்பாலும் வீணில் கழித்தார்கள். கோர்ட்டார் எப்படியும் தவணையை நீட்டுவார்கள் என்பது அவர்கள் கணக்கு. தவணை தீர்ந்தபொழுது தொல்லையை அனுபவித்தவர் யார்? மோட்டார் கார் வைத்திருப்பவர் அல்லர். 2001 ஏப்ரலில் பஸ்ஸின்றி வீதியோரம் நின்ற தொழிலாளியும், குமாஸ்தாவும், பள்ளிப் பிள்ளையுமே. வாயு நிலையங்களின் முன் பஸ்களும் ஆட்டோக்களும் மணிக்கணக்கில் வரிசையாய் நின்றன. அந்நேரமெல்லாம் டிரைவருக்குக் கூலி நஷ்டம். பிரயாணிக்கு வேலை நஷ்டம்.

பின்னர் மத்திய சர்க்கார் மஷேல்கர் கமிட்டியை நியமித்தார்கள். புகைக்கு அளவு விதித்தால் போதும், எரிபொருள் இன்னதென்று விதிக்கவேண்டாமென்று அக்கமிட்டி கூறிற்று. வாதம் கேட்க நன்றாயிருந்தது. அளவை யார் நாள்தோறும் சோதிப்பார்கள், கலப்படத்தை யார் தடுப்பார்கள் என்பதற்குத் தக்க விடை இல்லை. 2002 ஏப்ரல் 5-ந் தேதி கோர்ட்டார் அவ்வாதத்தைத் தள்ளினார்கள். ஓடும் ஒவ்வொரு டீஸல் பஸ்ஸுக்கும் நாளொன்றுக்கு 500 ரூபாயும், முப்பது நாட்களுக்குப் பின் 1,000 ரூபாயும் அபராதம் விதித்தார்கள். வாயுவைப் பங்கிடுவதில் வண்டிப் போக்குவரத்துக்கே முதலிடம் தரவேண்டுமென்றும் கட்டளையிட்டார்கள். அதற்குப் பிறகு எட்டே மாதத்தில் காரியம் முடிந்தது. முடியாது என்று நாலு வருஷம் சொல்லப்பட்டது எட்டு மாதத்தில் முடிந்ததென்றால், குறைவாயிருந்தது வாயுவா, மனமா?

நீதிபதிகள் பஸ் நடத்தலாமா என்று சட்டம் அறிந்த நண்பர்கள் கேட்கிறார்கள். கூடாது என்பதே நமது அபிப்பிராயமும். சட்டசபையும் மந்திரிகளும் செய்யவேண்டிய வேலை அது. ஆனால் அரசியல் சாஸனத்தின் 21-வது ஷரத்து பிரஜைக்கு உயிர் வாழும் உரிமையை அளிக்கிறது. மூச்சு விடாமல் உயிர் வாழ்வது எங்ஙனம்? ஜனங்களின் சுகாதாரத்தைப் பேணுவது சர்க்காரின் கடமையென்று 47-வது ஷரத்து கூறுகிறது. கடமையுள்ளவர் உறங்கினால், கதவைத் தட்டுவதற்கு நியாயஸ்தலத்தைத் தவிர வேறு கை ஏது?

எனினும் நியாயஸ்தலத்தின் கை ஓர் அளவுக்கே நீளும். ஓடும் டீஸல் பஸ்ஸுக்கு அபராதம் போடலாம்; வாங்கப்படாத பஸ்ஸுக்கு யாரிடம் அபராதம் வசூலிப்பது? இங்கேதான் முதல் ஷரத்து மடிந்தது. இருபது வருஷம் கழிந்த பின்னும் டில்லியின் பஸ்கள் பதினாயிரத்தை எட்டவில்லை. 2002 டிசம்பரில் மெட்ரோ ரயில் பிறந்தது உண்மை. அது பெரும் உபகாரமே. ஆனால் ரயில் நிலையத்திலிருந்து வீட்டுக்குச் செல்வதற்கும் பஸ் வேண்டும். பஸ் கிடைக்காதவன் கடன் வாங்கியேனும் மோட்டார் சைக்கிள் வாங்கினான். வசதியுள்ளவன் கார் வாங்கினான். 2018-க்குள் தலைநகரில் பதிவான வண்டிகள் ஒரு கோடியைத் தாண்டிவிட்டன. பஸ்களால் அடைந்த லாபத்தை இவ்வண்டிகள் விழுங்கின. குளிர்காலத்தில் டில்லி மறுபடியும் புகைமூட்டத்தில் திணறுகிறது. வயல்களில் தாள் எரிப்பதும், ஆலைகளும், புழுதியும் அதற்குக் காரணங்களே. ஆனால் வண்டிகளின் பங்கு சிறிதென்று எவரும் சொல்லத் துணியமாட்டார்.

2022 முதல் டில்லியில் மின்சார பஸ்கள் ஓடுகின்றன. வாயுவும் பூமியை வெப்பமாக்குவதால் இம்மாறுதல் நல்லதே. ஆனால் பழைய பிழை மீண்டும் நேராதிருக்கவேண்டும். புது பஸ் ஒன்று வரும்போது பழைய பஸ் இரண்டு கழிந்தால், வீதியோரம் நிற்பவனுக்கு என்ன லாபம்? அவனுக்கு வேண்டியது புகையில்லாத பஸ் மட்டுமன்று. வந்து நிற்கிற பஸ்.

பஸ்களை மாற்ற முற்படும் ஒவ்வொரு நகரத்தாருக்கும் நாம் சொல்லுவது இதுவே. மந்திரிகள் புது வண்டிக்குக் கொடியசைக்கும்போது கைதட்டுங்கள். அதோடு, மொத்தம் எத்தனை வண்டி, எவ்வளவு நேரத்துக்கு ஒரு வண்டி என்று இரண்டு கேள்விகளையும் கேளுங்கள். சட்டசபையில் கேளுங்கள், நகரசபையில் கேளுங்கள், தேர்தல் மேடையில் கேளுங்கள். எந்த எண்ணெய் என்பதைக் கோர்ட்டார் தீர்ப்பளித்து முடித்து வைக்கலாம். எத்தனை பஸ் என்பதை ஜனங்களே வற்புறுத்திப் பெறவேண்டும்.