மார்கழி வெயிலும் பரீட்சை அட்டையும்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (இயற்பியல்)

ஓவியம் என்றதும் வண்ணம், தூரிகை, சட்டம் போட்ட படம் என்று நம் நினைவு ஓடுகிறது. நான் இங்கே சொல்ல வருவது அதைவிட எளிய ஒன்று. ஒரு பரீட்சை அட்டை, நான்கு வெள்ளைத் தாள், இரண்டு பென்சில். இவ்வளவுடன் சிலர் சேர்ந்து ஓர் இடத்துக்குப் போய், அங்கேயே அமர்ந்து, கண்ணெதிரே இருப்பதைக் கோட்டில் பதிந்து வருவது. சென்ற மார்கழி, தை மாதங்களில் எங்கள் வகுப்பு நண்பர்கள் எட்டுப் பேர் கடலூரிலும் சிதம்பரத்திலுமாக ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் இவ்வாறு சென்றோம். எங்களில் ஓவியம் பயின்றவர் ஒருவருமில்லை.

இந்தப் பழக்கம் நமக்குப் புதிதல்ல. 1919இல் நாமக்கல்லில் பிறந்த ஓவியர் சில்பி, கோயில் கோயிலாகச் சென்று, சிற்பத்தின் முன்னமர்ந்து வரைந்த படங்கள் ஆனந்த விகடனில் ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ என்ற தலைப்பில் வெளிவந்ததைப் பேராசிரியர்கள் பலர் அறிந்திருப்பர். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் செய்தித்தாள் ஓவியராக இருந்த கேப்ரியல் காம்பனாரியோ 2007இல் தொடங்கிய ‘அர்பன் ஸ்கெட்சர்ஸ்’ என்னும் அமைப்பு இன்று பல நாடுகளில் பரவியிருக்கிறது. அவர்களுடைய முதல் விதி, இடத்திலேயே இருந்து, நேரில் பார்த்து வரைய வேண்டும் என்பது. நாங்கள் பின்பற்றியதும் அதையே. அத்துடன் தாளின் மூலையில் நாளும் மணியும் குறிக்க வேண்டும் என்று ஒரு விதியையும் எங்களுக்குள் வைத்துக்கொண்டோம்.

ஏன் மார்கழி? குளிர்ச்சியாக இருக்கும் என்பது பாதி விடைதான். மீதி விடை நிழலில் இருக்கிறது. சிதம்பரம் ஏறத்தாழ 11.4 பாகை வட அட்சத்தில் உள்ளது. சித்திரைத் தொடக்கத்தில் நண்பகல் சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்கும். நட்டு வைத்த குச்சிக்கு நிழலே இராது. டிசம்பர் 21ஆம் நாளை ஒட்டி, நண்பகலிலும் சூரியன் 55 பாகை உயரத்தைத் தாண்டுவதில்லை. ஒரு மீட்டர் குச்சிக்கு உச்சி வேளையிலும் 70 சென்டிமீட்டர் நிழல் கிடைக்கும். ஆகவே சுவரின் ஒவ்வொரு விளிம்பும், தூணின் ஒவ்வொரு பட்டையும் நாள் முழுவதும் நிழலோடு நிற்கின்றன. பென்சில் ஓவியத்துக்கு நிழல்தானே உயிர்! ஆனால் ஓர் எச்சரிக்கை. மார்கழி முற்பாதியில் நம் கடற்கரை மாவட்டத்தில் மழை இன்னும் விடைபெற்றிருக்காது. காலை ஈரத்தில் தாள் நமத்துப்போகும், மைக்கோடு ஊறிப் பரவும். பென்சிலே உத்தமம். கடற்கரையில் வாடைக்காற்றுக்குத் துணிக் கவ்விகள் நான்கு தேவை.

முதல் ஞாயிறு, தேவனாம்பட்டினம் புனித டேவிட் கோட்டை. நம் கல்லூரிக்கு அருகிலேயே கெடிலக் கரையில் இடிந்து கிடக்கிறது. 1690இல் மராட்டியரிடமிருந்து ஆங்கிலேயர் இதை விலைக்கு வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழும் எல்லைவரை உள்ள ஊர்களும் விலையில் சேர்த்தி. குண்டு சாலை, குண்டு உப்பலவாடி என்ற பெயர்கள் அந்தப் பேரத்தின் எச்சம். 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனபின், 1752 வரை ஆங்கிலேயரின் தலைமையிடம் இதுதான். 1758இல் லாலி கைப்பற்றி இடித்தான். நமக்கு மிஞ்சியது புதர் மூடிய செங்கல் சுவர்கள்.

அன்று கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர்களிடம், 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்கும் 2011 டிசம்பர் 30 தானே புயலுக்கும் முன்னால் இந்தக் கரை எப்படி இருந்தது என்று கேட்டோம். கையை நீட்டி, “அங்க வீடு இருந்துச்சு, அங்க தோப்பு” என்று காற்றில் காட்டினார்கள். தாளில் காட்ட அவர்களிடம் எதுவுமில்லை. நம்மூர்க் கோட்டையைப் பற்றிக்கூடப் பிற நாட்டார் எழுதி வைத்ததிலிருந்துதானே நாம் படித்துத் தெரிந்துகொள்கிறோம்?

“கைப்பேசியில் ஒரு நொடியில் படமெடுக்கலாமே, ஏன் இந்தப் பாடு?” என்று பலரும் கேட்டார்கள். சிதம்பரம் கோபுரத்தைப் பலமுறை படமெடுத்திருந்த நண்பர் ஒருவரிடம், உச்சியில் எத்தனை கலசம் என்று கேட்டோம். விழித்தார். வரைந்து முடித்தபின் யாரும் அவரைக் கேட்க வேண்டியிருக்கவில்லை, பதின்மூன்று. நிலைகள் ஏழு. அந்த ஏழும் மேலே போகப்போக அகலத்தில் மட்டுமல்லாமல் உயரத்திலும் குறுகுகின்றன. சம உயரமாக ஏழு கட்டம் போட்டால் கோபுரம் அலமாரியாகிவிடும்.

இதற்கு அளவெடுக்கும் முறை எளிது. கையை முழுவதும் நீட்டிப் பென்சிலை நேராகப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கோபுர உச்சியைப் பென்சில் நுனியிலும் அடியைக் கட்டைவிரல் நகத்திலும் பொருத்த வேண்டும். கண்ணிலிருந்து பென்சில் 60 சென்டிமீட்டர் என்றால், ஏறத்தாழ 40 மீட்டர் உயரக் கோபுரம், 160 மீட்டர் தள்ளி நிற்பவருக்குப் பென்சிலில் 15 சென்டிமீட்டர். பள்ளியில் படித்த வடிவொத்த முக்கோணங்கள்தாம். முழங்கை மடங்கினால் எல்லாக் கணக்கும் தவறும்.

செங்குத்துக் கோட்டுக்கு நான் கொண்டுபோனது அப்பாவின் தூக்குக்குண்டு. அப்பா கொத்தனார். “கண்ணு ஏமாத்தும், நூலு ஏமாத்தாது” என்பார். நூலைத் தொங்கவிட்டுப் பார்த்தால் கோபுரச் சரிவு எங்கே தொடங்கி எப்படி உள்வாங்குகிறது என்று துல்லியமாகத் தெரியும். நண்பர்கள் வரிசையில் நின்று வாங்கிப் பார்த்தார்கள்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறியவன் நான்தான் முதல். என் ஆய்வுக்கூடப் பதிவேட்டை வீட்டில் திறப்பவர் இல்லை. கோட்டைச் சுவரை நான் வரைந்து வந்த தாளை அப்பா விளக்கடியில் வெகுநேரம் வைத்திருந்தார். “இது நம்ம சூளைக்கல்லு இல்லடா. கனம் கம்மி, காரை தடிப்பா போட்டிருக்கான். நீ வரியை எண்ணித்தானே போட்டே?” என்றார். எண்ணித்தான் போட்டிருந்தேன். இந்த வரைதலுக்கு மதிப்பெண் உண்டா என்று அதன்பின் அவர் கேட்கவில்லை.

இனி, நான் மிகவும் விரும்பிய இடத்துக்கு வருகிறேன். சிதம்பரத்தின் கோபுர வாயில்களுக்குள், இருபக்கச் சுவர்களிலும் பரதரின் நாட்டிய சாத்திரம் கூறும் 108 கரணங்கள் சிறுசிறு கட்டங்களாக, அடுக்கடுக்காகச் செதுக்கப்பட்டுள்ளன. கிழக்கு, மேற்கு வாயில்களில் அந்நூலின் வரிகளும் கிரந்த எழுத்தில் உள்ளன. தினமும் எத்தனையோ பேர் இவற்றின் நடுவே நடந்து போகிறார்கள்! ஆனால் கிழக்கு வாயிலில் இவற்றை வரைய மார்கழிதான் தகுந்த காலம். பங்குனியில் சமநாளை ஒட்டிச் சூரியன் நேர்கிழக்கில் உதிப்பதால், ஒளி வாயிலின் நீளத்துக்குப் போய் எந்தச் சுவரையும் சரியாகத் தொடாது. மார்கழியில் அது நேர்கிழக்கிலிருந்து ஏறத்தாழ 24 பாகை தெற்கே தள்ளி உதிக்கிறது. எதிர்க் கடைகளின் கூரையைத் தாண்டியதும், வாயில்முகப்பை ஒட்டிய வடசுவரை ஒளி உரசிக்கொண்டு போகும். அரை அங்குலப் புடைப்புக்கும் அப்போது நிழல் விழுகிறது. மடங்கிய முழங்கால், திரும்பிய இடை, தூக்கிய பாதம் எல்லாம் சுவரை விட்டு வெளியே வந்து நிற்கும். சிறிது நேரத்தில் ஒளி விலகிவிடும். ஆளுக்கு ஒரு கட்டத்தை எடுத்துக்கொண்டு வேகமாக வரைய வேண்டும். குழுவாகப் போவதன் பயன் அங்கே விளங்கும்.

நடப்பவருக்கு வழிவிட்டு ஓரமாக அமர்வது முக்கியம். ஆருத்திரா தரிசனத் தேர், தரிசன நாட்களில் போகவே வேண்டாம். கூட்டத்தில் அட்டையைப் பிரிக்க இடமிராது. வடக்குக் கோபுர வாயிலில் கிருஷ்ணதேவராயர் சிலையை எல்லோரும் காட்டுவார்கள். அதே வாயிலில் சிற்பிகளின் உருவங்களும் பெயருடன் இருக்கின்றன. அவற்றை அப்பாவுக்காக வரைய வேண்டும் என்று ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

இதுவரை எங்கள் தாள்களில் ஏறிய கரணங்கள் 14. மீதம் 94. எட்டுப் பேருக்கு ஒரு மார்கழியில் முடியாது. இருபது பேர் என்றால் முடியலாம். கடலூர்ச் சந்திப்பில் காலை முதல் ரயில், பரீட்சை அட்டையைக் கையோடு கொண்டு வரவும்.