திரையில் உங்கள் முகம்

1954இல் வெளிவந்த 'மலைக்கள்ளன்' நம் கோவை பட்சிராஜா ஸ்டுடியோவின் படம். அன்று நடித்தவர்கள் தங்களைத் திரையில் பார்க்க, படச்சுருளைக் கழுவி எடுக்கும்வரை காத்திருக்க வேண்டும். 1960இல் ஹாலிவுட்டின் ஜெர்ரி லூயிஸ், தானே இயக்கி நடித்த 'தி பெல்பாய்' படப்பிடிப்பில் வீடியோ கேமராவையும் சேர்த்து வைத்து, தன் நடிப்பை அங்கேயே பார்த்துக்கொண்டார்.

இன்று பொள்ளாச்சித் தோப்பில் தனியாக நின்று வீடியோ எடுப்பவருக்கும் அந்த வசதி உண்டு. முன்பக்கம் திருப்பும் திரை உள்ள கேமரா போதும். திரை திரும்பாதா? பல கேமராக்கள் வைஃபை வழியே செல்போனில் காட்டும். எச்டிஎம்ஐ வயரை டிவியில் செருகினாலும் தெரியும்.

ஆனால் திரை இருப்பது லென்ஸுக்குப் பக்கவாட்டில். அதையே பார்த்துப் பேசினால், வேறு யாரிடமோ பேசுவது போலிருக்கும். எவ்வளவு நல்ல பேச்சும் அதில் கெட்டுவிடும். நிற்கும் இடத்தைத் திரையில் சரிபாருங்கள், பேச ஆரம்பித்ததும் லென்ஸைப் பாருங்கள். இன்னொன்று, உச்சிவெயிலில் திரை மங்கலாகத் தெரியும். அதை நம்பி வெளிச்சத்தைக் கூட்டினால் பதிவில் முகம் வெளுத்துப்போகும். கேமராவை ஒரு தென்னை நிழலுக்கு நகர்த்தி, அங்கே வைத்துப் பாருங்கள்.