கம்பிவடமும் இணையவழித் தொலைக்காட்சியும்

தொலைக்காட்சி இல்லத்தை அடையும் வழி அமெரிக்க ஐக்கிய நாட்டில் நம் கண்முன்னரே மாறிவிட்டது. கம்பிவடச் சந்தாவை நீக்கி இணையவழிச் சேவைகளை நாடுவோரை ‘வடத்தை அறுத்தோர்’ என அங்குள்ளோர் அழைப்பர். வடம் உண்மையில் அறுந்ததா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

கம்பிவடத் தொலைக்காட்சி ஆடம்பரத்திற் பிறந்ததன்று; தேவையிற் பிறந்தது. 1940 களின் இறுதியில் பென்சில்வேனியா, ஒறிகன் ஆகிய மாநிலங்களிற் சில ஊர்களுக்கு ஒளிபரப்பு அலைகள் செவ்வனே எட்டவில்லை. ஆதலின் உயர்ந்த இடத்திற் பொது அன்ரெனா ஒன்றை நிறுவி, அங்கிருந்து வீடுதோறும் வடம் இழுத்தனர். 1972 இல் தொடங்கிய எச்.பி.ஓ. 1975 இல் செய்மதி வழியாகப் பரவலாயிற்று. பின்னர் அலைவரிசைகள் பெருகின. ஆயினும் அவை கட்டாகவே விற்கப்பட்டன. பத்தைப் பார்ப்பவரும் நூற்றுக்குப் பணஞ் செலுத்தினார்.

இணையவழிச் சேவை இதனின் வேறானது. வடத்தில் எல்லா அலைவரிசைகளும் எல்லா வீடுகளுக்கும் ஒரே வேளையிற் பாய்ந்தன. இங்கோ கேட்டவர்க்குக் கேட்ட படமே சிறு கூறுகளாகப் பகுக்கப்பட்டு அனுப்பப்படுகின்றது. இணைப்பின் வேகம் குறையுமிடத்துப் படத்தின் தெளிவு தானே குறைந்து, காட்சி தடைப்படாது ஓடும். 1997 இல் நிறுவப்பெற்று, இறுவட்டுக்களை அஞ்சலில் அனுப்பிவந்த நெற்பிளிக்ஸ் 2007 இல் இம்முறையைக் கைக்கொண்டது. நீல்சன் நிறுவனத்தின் கணிப்பின்படி, 2022 யூலையில் இணையவழிப் பார்வை முதன்முறையாகக் கம்பிவடப் பார்வையை விஞ்சியது. 2025 மேயில் அது கம்பிவடம், வான்வழி ஒளிபரப்பு ஆகிய இரண்டின் கூட்டுத்தொகையையும் விஞ்சிற்று.

எனினும் பல இல்லங்களுக்கு இணையத்தைக் கொணர்வது அப்பழைய கம்பிவட நிறுவனமே. சந்தாவை நீக்கியவர் அந்நிறுவனத்துக்கே இணையக் கட்டணஞ் செலுத்துகின்றார். எனவே வடம் அறுந்திலது. அது சுமக்கும் பொருளே மாறியது. விரும்பிய நிகழ்ச்சிகள் பல சேவைகளிற் சிதறிக் கிடத்தலின், மலிவு என்னும் பயனுந் தேய்கின்றது. 2022 நவம்பரில் நெற்பிளிக்ஸ் விளம்பரத்தோடு கூடிய குறைந்த கட்டணத் திட்டத்தைத் தொடங்கியது. 2024 இல் டிஸ்னி பிளஸ், ஹூலு, மாக்ஸ் ஆகிய மூன்றும் ஒரே கட்டாக விற்கப்பட்டன. விட்டு நீங்கிய விளம்பரமுங் கட்டும் மீண்டு வந்தன என்க.

நினைத்த வேளையிற் காணும் உரிமை மெய்யான பேறே. ஆயினும் சந்தாதாரர்க்கு எதுவும் உடைமையாவதில்லை; உரிமை ஒப்பந்தம் முடிந்ததும் படம் பட்டியலினின்று மறையக்கூடும். விரைவான இணைப்பைப் பெறவியலாத வறியோரும் ஒதுக்கிடத்து வாழ்வோரும் புறத்தே நிற்பர். எட்டாத ஊருக்கு எட்டச் செய்தற்கே அன்று வடம் பிறந்தது. புதிய முறையையும் அந்த அளவுகோல் கொண்டே மதிப்பிடல் தகும்.